பழைய போர் விமானங்களும் சுக்கான் பிடிக்கும் கால்களும்

உச்சிப்புளி ஐ.என்.எஸ். பருந்து கடற்படை விமானத்தளத்திலிருந்து எழும்பும் ஹெலிகாப்டர்களைப் பார்த்து வளரும் பிள்ளைகளுள் சிலருக்கேனும், இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஹார்வர்டு பயிற்சி விமானத்தையோ ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தையோ ஒருநாள் ஓட்டிப் பார்க்கும் ஆசை எழக்கூடும். அந்த ஆசைக்கு வழி உண்டு. அவ்வழியில் மிகக் கடினமானது, சக்கரங்கள் தரையில் ஓடும் அந்தச் சில நொடிகளைக் கையாளக் கற்பதே.

இன்றைய பயிற்சி விமானங்களில் மூக்கின் அடியில் ஒரு சக்கரம் இருக்கும். ஈர்ப்பு மையம் முதன்மைச் சக்கரங்களுக்கு முன்னால் அமைவதால், சற்றுக் கோணலாக இறங்கினாலும் விமானம் தானே நேராகிவிடும். பழைய போர் விமானங்களுள் பெரும்பாலானவற்றில் சிறு சக்கரம் வாலில் இருக்கிறது, ஈர்ப்பு மையமோ முதன்மைச் சக்கரங்களுக்குப் பின்னால் விழுகிறது. மண்டபம் கரையில் ஐஸ் ஏற்றிய டிரெய்லரை டிராக்டர் முன்னோக்கி இழுக்கும்போது அது பின்னாலேயே ஒழுங்காக வரும். அதையே பின்னோக்கித் தள்ளினால், கடுகளவு கோணலும் கணத்தில் பெருகி வண்டி மடங்கிவிடும். வால் சக்கர விமானத்தின் நிலையும் அதுதான். திருத்தத் தாமதித்தால் பின்பகுதி முன்னே வர முயன்று, விமானம் சுழன்று, இறக்கை முனை தரையில் உரசும். இதனைக் ‘கிரவுண்ட் லூப்’ என்பர்.

இதனுடன் எஞ்சினின் இழுப்பும் சேர்கிறது. புரொப்பெல்லர் பின்னே தள்ளும் காற்று, உடலைச் சுற்றி முறுக்கிக்கொண்டு சென்று வாலின் ஒரு பக்கத்தை அறைவதால் மூக்கு திரும்புகிறது. மெர்லின் எஞ்சின் கொண்ட ஸ்பிட்ஃபயர் புறப்படும்போது இடப்புறம் இழுக்கும். பின்னர் வந்த கிரிஃபன் எஞ்சின் எதிர்த்திசையில் சுழல்வதால் அது வலப்புறம் இழுக்கும். பழகிய காலே அங்கே தவறு செய்யும்.

விமானத்தின் சுக்கான் கால்மிதிகளால் இயங்குவது. ஆடியில் கச்சான் காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது, வள்ளத்தில் சுக்கான் பிடிப்பவர் அணியம் (வள்ளத்தின் முன்பகுதி) விலகிய பின் திருத்துவதில்லை; விலகப்போவதைக் கையில் உணர்ந்தே சிறுகச் சிறுகத் திருத்துகிறார். அந்த உணர்வைக் கால்களுக்குக் கொண்டுவருவதே இப்பயிற்சியின் சாரம் என்பேன்.

இந்தியாவில் தனியார் விமானி உரிமத்திற்குக் குறைந்தது 17 வயதும் 40 மணி நேரப் பறத்தலும் வேண்டும். அதன்பின் பைப்பர் கப் போன்ற இலகுவான வால் சக்கர விமானத்தில் பழக வேண்டும். அமெரிக்காவில் இதற்குப் பயிற்றுநரே பதிவேட்டில் கையொப்பமிட்டுச் சான்று தருகிறார். அடுத்தது 1931-இல் முதலில் பறந்த டைகர் மாத் பயிற்சி விமானம்: 130 குதிரைத்திறன், திறந்த இருக்கை, தொடக்க வடிவில் பிரேக்கே கிடையாது. அதற்கடுத்த ஹார்வர்டுக்கு 600 குதிரைத்திறன். மூக்கு நிமிர்ந்து நிற்பதால் எதிரே பாதை தெரியாது. தரையில் பாம்புபோல் வளைந்து வளைந்து ஓட்டிப் பக்கவாட்டில் பார்த்தே நகர வேண்டும். ஒற்றை இருக்கை ஸ்பிட்ஃபயரில் பயிற்றுநர் உடன் அமர இயலாதென்பதால், போர்க்கால இளைஞர்கள் ஹார்வர்டு போன்ற பயிற்சி விமானங்களில் கற்றதை நம்பி முதன்முறையே தனியாக ஏறினார்கள். இன்று பிரிட்டனில் இரட்டை இருக்கை ஸ்பிட்ஃபயர்கள் பறப்பதால் அந்தப் படி சற்றுத் தாழ்ந்திருக்கிறது.

நம் நாட்டில் இத்தகைய விமானங்களை இந்திய விமானப்படையின் பழைய விமானப் பிரிவு பறக்கும் நிலையில் பேணி வருகிறது. டைகர் மாத், ஹார்வர்டு ஆகியவற்றுடன் 2018-இல் ஒரு டகோட்டா போக்குவரத்து விமானமும் சேர்ந்தது. அவற்றை ஓட்டுபவர்கள் விமானப்படை விமானிகள் என்பதால், உச்சிப்புளிப் பிள்ளைக்கு நேர்வழி தேசியப் பாதுகாப்புக் கழகத் தேர்வு, விமானப்படைப் பொது நுழைவுத் தேர்வு போன்றவற்றில்தான் தொடங்குகிறது.