நாலு செடிதானே என்று கேட்பவர்களுக்கு

"கஞ்சா ஒரு கிலோவுக்குக் கீழே இருந்தால் ஒன்றும் ஆகாது" என்று இனி யாரும் என்னிடம் வந்து சொல்லக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் போதைப் பொருள் வழக்குகளை எடுத்து நடத்துகிற வக்கீல் நான். முன்பெல்லாம் இந்த வழக்குகள் பெரும்பாலும் இரண்டு விதமாக வரும். ஒன்று, வெளிமாநிலத்திலிருந்து பஸ்ஸிலோ ரயிலிலோ பொட்டலமாக வருவது. இன்னொன்று, அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை மலைப் பக்கம் துவரைக்கும் மரவள்ளிக்கும் நடுவே ஊன்றி வைப்பது. இப்போது மூன்றாவதாக ஒன்று வரத் தொடங்கியிருக்கிறது. ஓசூரில் வாடகை வீடு, மாடியில் பூட்டிய அறை, எல்இடி விளக்கு, கோகோபீட் என்கிற தேங்காய் நார்த்தூள் பை, மண்புழு உரம், பஞ்சகவ்யா, மீன் அமிலம். வளர்ப்பவர்கள் படித்தவர்கள், பெங்களூருவில் நல்ல சம்பளத்தில் இருப்பவர்கள்.

அண்மையில் வந்த ஒரு வழக்கு. அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியே சொல்கிறேன். பையன் ரிமாண்டில் இருந்தான். காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் அவன் அப்பா என் முன்னால் உட்கார்ந்து கேட்டார்: "மேடம், நாலே நாலு செடிதானாம். மருந்துகூட அடிக்கலையாம், எல்லாம் இயற்கை உரமாம். யாருக்கும் விக்கலையாம். ஒரு கிலோ வராதுன்னு அவன் கூட்டாளி சொல்றான். நாளைக்கே விட்ருவாங்களா?" அவரிடம் கோபப்பட என்ன இருக்கிறது? அவருக்கும் அவர் பையனுக்கும் இதைச் சொல்லிக் கொடுத்தவர்கள் மேல்தான் எனக்குக் கோபம்.

அந்த ஒரு கிலோ கதையை முதலில் முடித்துவிடுவோம். 1985-ஆம் ஆண்டின் போதைப் பொருட்கள் சட்டத்தில், கோர்ட்டில் நாங்கள் என்.டி.பி.எஸ். என்று சொல்வதில், கஞ்சாவுக்கான தண்டனை பிரிவு 20-இல் இருக்கிறது. அந்தப் பிரிவு இரண்டு கூறுகளாக இருக்கிறது. முதல் கூறு, (அ) என்று வைத்துக்கொள்ளுங்கள், கஞ்சாச் செடியைப் பயிரிடுவது பற்றியது. அடுத்தது, (ஆ), கஞ்சாவை உற்பத்தி செய்வது, வைத்திருப்பது, விற்பது, வாங்குவது, கொண்டுபோவது, பயன்படுத்துவது பற்றியது. எடைக் கணக்கு இந்த இரண்டாவது கூறுக்கு மட்டும்தான். 1 கிலோவுக்குக் கீழே சிறிய அளவு: ஓராண்டு வரை கடுங்காவல், அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு: குறைந்தது பத்தாண்டு, அதிகபட்சம் இருபதாண்டு. இடையில் இருப்பதற்குப் பத்தாண்டு வரை.

முதல் கூறில் எடையே கிடையாது. சிறிய அளவு, நடுத்தர அளவு, வணிக அளவு என்ற பிரிப்பே அங்கே இல்லை. பயிரிட்டால் பத்தாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் வரை அபராதமும் விதிக்கலாம், அவ்வளவுதான் எழுதியிருக்கிறது. ஒரு செடியும் பயிர்தான், ஒரு ஏக்கரும் பயிர்தான். நான்கு செடிக்கு நீதிபதி பத்தாண்டு கொடுத்துவிடுவார் என்று நான் பயமுறுத்தவில்லை. குறைந்தபட்சத் தண்டனை என்று எதுவும் இல்லாததால் செடியின் எண்ணிக்கை, வயது, முன்வழக்கு எல்லாவற்றையும் காட்டித் தண்டனையைக் குறைக்கச் சொல்லி வாதாடுவோம். ஆனால் வழக்கு எந்தக் கூறில் பதிவாகிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. தராசை வைத்துக்கொண்டு அங்கே வாதாட இடமில்லை.

இந்தச் சட்டத்தைப் படித்த சிலர் அடுத்த கேள்விக்கு வருவார்கள். இலையும் விதையும் கணக்கில் வராது, பூக்கும் நுனி மட்டும்தானே கஞ்சா? சரிதான். பூவோ காயோ வைத்த நுனி இல்லாமல் தனியாக இருக்கும் இலையும் விதையும் கஞ்சா என்ற வரையறைக்குள் வராது. போலீஸ் வேர், தண்டு, மண்ணோடு சேர்த்து எடை போட்டிருந்தால் நாங்கள் அதைப் பிடித்துக்கொண்டு குறுக்கு விசாரணை செய்வோம். எல்லாம் அந்த இரண்டாவது கூறில்தான். பயிரிடுவதற்கு வரையறை வேறு: கஞ்சாப் பேரினத்தைச் சேர்ந்த எந்தச் செடியும் கஞ்சாச் செடிதான். பூ வர வேண்டும் என்றில்லை. போதை தருகிற வகையா, நார் எடுக்கிற வகையா என்ற கேள்வியும் இல்லை. உத்தராகண்டில், போதை தருகிற டிஎச்சி என்ற வேதிப்பொருள் 0.3 விழுக்காட்டுக்கு மேல் போகாத தொழில்வகைச் செடிக்கு உரிமம் கொடுக்கிறார்களே என்று கேட்கிறார்கள். அது அந்த மாநில அரசு இந்தச் சட்டத்தின் கீழேயே கொடுத்த உரிமம். ஓசூர் மாடி அறைக்கு அது பொருந்தாது. கனடாவில் 2018-லிருந்து வீட்டுக்கு நான்கு செடி, ஜெர்மனியில் 2024 ஏப்ரலிலிருந்து ஒருவருக்கு மூன்று செடி என்பதெல்லாம் உண்மை. வெளிநாட்டுக்காரர்கள் தங்கள் சட்டத்தை வைத்துக்கொண்டு வீடியோ போடுகிறார்கள். பார்ப்பவர் இந்தியாவில் உட்கார்ந்திருக்கிறார்.

அப்புறம் இந்த "இயற்கை உரம்" வாதம். செடிக்கு யூரியா போட்டாலும் பஞ்சகவ்யா தெளித்தாலும் பிரிவு ஒன்றுதான். "மருந்து அடிக்காதது, அதனால் உடம்புக்கு ஒன்றும் செய்யாது" என்று நம்புகிற பையன்களும் இருக்கிறார்கள். அதற்கு மனநல மருத்துவர்கள்தான் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும். போதையும் அதனால் வரும் மனக்குழப்பமும் அந்தச் செடியில் இருக்கும் டிஎச்சியால் வருவது. உரத்தை மாற்றினால் அது போய்விடாது. ஜாமீன் மனுவில் "தற்போது மனநல சிகிச்சையில் இருக்கிறார்" என்று எழுத வேண்டியிருந்த கட்சிக்காரர்கள் எனக்கு உண்டு.

வீட்டுக்குள் இப்படி வளர்ப்பவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லாத ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். மலைப் பக்கத்து நில வழக்குகளில் எங்கள் வேலை சிட்டா, அடங்கலில் தொடங்கும். பட்டா யார் பேரில், உண்மையில் உழுதது யார், நிலம் கூட்டுப் பட்டாவா, வேலி உண்டா, யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாமா, செடி தானாக முளைத்ததா, ஊன்றியதா, வி.ஏ.ஓ. சாட்சியில் என்ன சொன்னார் என்று ஒவ்வொன்றாகக் கேட்போம். திறந்த நிலத்தில் சந்தேகத்துக்கு இடம் உண்டு, சந்தேகத்தின் பலன் எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்குப் போகும். பூட்டிய அறையில் அந்த இடம் முழுக்க அடைபட்டுப் போகிறது. சாவி உங்கள் பாக்கெட்டில். விளக்குக்கு டைமர் வைத்திருக்கிறீர்கள். எந்த வாரம் என்ன ஊட்டம் கொடுத்தேன் என்று போனில் குறித்து வைத்திருக்கிறீர்கள். செடி வளர வளரப் படம் எடுத்து நண்பர்கள் குழுவில் போட்டிருக்கிறீர்கள். விளக்கு வாங்கிய ஆர்டரில் உங்கள் பெயர், முகவரி, போன் நம்பர். "தானாக முளைத்தது" என்று எந்த வக்கீலாலும் சொல்ல முடியாது. போனில் இருப்பதை முறையான சான்றிதழோடு கோர்ட்டில் தாக்கல் செய்ய 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சாட்சியச் சட்டத்தின் பிரிவு 63 வழி செய்கிறது. நீங்கள் எவ்வளவு அக்கறையாக வளர்த்தீர்களோ அவ்வளவு சாட்சியத்தை நீங்களே சேர்த்து வைத்திருக்கிறீர்கள். போதாததற்கு, குற்ற எண்ணம் இருந்ததாகவே கோர்ட் அனுமானிக்க வேண்டும் என்கிறது என்.டி.பி.எஸ். சட்டத்தின் பிரிவு 35; சரியான விளக்கம் தராவிட்டால் குற்றம் செய்ததாகவே அனுமானிக்கலாம் என்கிறது பிரிவு 54. இல்லை என்று நிரூபிக்கும் பாரம் எதிரியின் தலையில்.

எல்இடி விளக்கு வாங்குவதோ கோகோபீட் வாங்குவதோ குற்றம் இல்லை. கீரைக்கும் காளானுக்கும் பூவுக்கும் அவற்றை வாங்குபவர்கள் நம் மாவட்டத்தில் நிறைய இருக்கிறார்கள், அவர்கள் பயப்பட வேண்டாம். கஞ்சாச் செடியோடு சேர்ந்து இருக்கும்போதுதான் அவையெல்லாம் வழக்குச் சொத்தாக மாறுகின்றன.

கூட இருப்பவர்கள் கதை இன்னும் மோசம். ஒரே வீட்டில் மூன்று பேர் வாடகையைப் பிரித்துக்கொண்டு இருக்கிறார்கள், வளர்ப்பது ஒருவன். மற்ற இருவரும் தண்ணீர் ஊற்றியிருந்தால், பணம் போட்டிருந்தால், கூட்டுச் சதி என்று பிரிவு 29 வரும். தெரிந்தே வீட்டைப் பயன்படுத்த விட்டவருக்கு அதே குற்றத்துக்கான தண்டனை என்று பிரிவு 25 சொல்கிறது. வீடு அம்மா பெயரில் இருந்தால் முதல் நாள் விசாரணைக்கு அம்மாவையும்தான் கூப்பிடுவார்கள். ஓசூரில் அறுவடை செய்ததில் ஐம்பது கிராமை நண்பனுக்குக் கொடுக்கலாம் என்று ஜூஜுவாடி தாண்டி அத்திப்பள்ளிக்கு வண்டியில் எடுத்துப் போனால், மாநிலம் விட்டு மாநிலம் கடத்தியதாகக் குற்றப்பத்திரிகையில் வரி ஏறும். காசு வாங்கவில்லை என்பதால் அது மாறாது.

எண்ணெய், பிசின் எடுக்கிறேன் என்று இறங்குபவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அது சரஸ், அதாவது கஞ்சாப் பிசின் கணக்கில் போகும். அங்கே சிறிய அளவு 100 கிராம், வணிக அளவு 1 கிலோ. கேக், பிஸ்கட்டில் கலந்தால் கஞ்சா மட்டும் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க மாட்டார்கள். கலவையின் மொத்த எடையைத்தான் பார்க்க வேண்டும் என்று 2020-இல் ஹீரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வணிக அளவைத் தொட்டுவிட்டால் பிரிவு 37 வந்து உட்கார்ந்துகொள்ளும். எதிரி குற்றவாளி இல்லை என்று நம்பக் காரணம் இருப்பதாக நீதிபதியே கருதினால்தான் அப்போது ஜாமீன்.

இதில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது பிரிவு 64ஏ. பழக்கத்துக்கு அடிமையான ஒருவர் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்துக்கொண்டால், பயன்படுத்திய குற்றத்துக்கும் சிறிய அளவு வைத்திருந்த குற்றத்துக்கும் வழக்கிலிருந்து அவருக்குப் பாதுகாப்பு கொடுக்கும் பிரிவு அது. இந்தச் சட்டத்தில் மனிதாபிமானத்தோடு எழுதப்பட்ட பகுதி. ஆனால் செடி வளர்த்தவருக்கு அதில் இடம் கேட்பது கஷ்டம். பயிரிடும் கூறில் சிறிய அளவு என்பதே இல்லையே. வாங்கிப் புகைத்தவனுக்குத் திறந்திருக்கும் கதவு, "வெளியே வாங்கினால் கலப்படம், நானே சுத்தமாக வளர்த்துக்கொள்கிறேன்" என்று நினைத்தவனுக்கு மூடிவிடுகிறது.

வழக்கு ஒருநாள் முடியும். அதற்குள் நடப்பதைப் பாருங்கள். வழக்கு நிலுவையில் இருக்கும்போது பாஸ்போர்ட்டுக்கு கோர்ட் உத்தரவு வாங்கிக் கொடுக்க வேண்டும். அரசு வேலைக்கு எழுதினால் போலீஸ் விசாரணையில் இது வரும். நிபந்தனை ஜாமீனில் தினமும் ஸ்டேஷனில் கையெழுத்து என்றால், எலக்ட்ரானிக் சிட்டியில் இருக்கும் வேலை என்ன ஆகும்?

வீட்டுக்காரர்களே, வாடகைக்கு விட்டுவிட்டு ஜிபேயில் பணம் வந்தால் போதும் என்று இருக்காதீர்கள். ஒப்பந்தம் எழுதுங்கள், குடியிருப்பவர்கள் எல்லாருடைய அடையாள அட்டை நகலையும் வாங்குங்கள், சொல்லிவிட்டு அவ்வப்போது போய் வீட்டைப் பாருங்கள். செடி வளர்ப்பது தெரிந்தும் "நமக்கென்ன" என்று இருந்தால் பிரிவு 25 நினைவிருக்கட்டும். நிலம் வைத்திருப்பவர்களுக்கு, தங்கள் நிலத்தில் கஞ்சாச் செடி இருப்பது தெரிந்தால் உடனே தகவல் கொடுக்க வேண்டும் என்று பிரிவு 46 கடமையே விதிக்கிறது. குத்தகைக்கு விட்ட காட்டை எட்டிப் பார்க்காமல் இருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

தம்பிகளே, வெளிச்சம், ஊட்டம், ஈரப்பதம் என்று இவ்வளவு கற்றுக்கொள்ள உங்களுக்குப் பொறுமை இருக்கிறது. நீங்கள் இருப்பது ரோஜாவையும் ஜெர்பெராவையும் பசுமைக்குடிலில் வளர்த்து வெளியூருக்கு அனுப்புகிற ஊர். தளியில் இந்திய-இஸ்ரேல் கூட்டில் அமைந்த கொய்மலர் மகத்துவ மையம் இருக்கிறது. பையூரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தருமபுரிக்காரர்களுக்குப் பாப்பாரப்பட்டியில் வேளாண் அறிவியல் நிலையம். அங்கே போய்க் கேளுங்கள். அந்த விளக்கின் கீழே வேறு எதையாவது வையுங்கள். கெஞ்சித்தான் கேட்கிறேன்.

ஏற்கெனவே சிக்கிக்கொண்டவர்கள்: போலீஸ் வந்தால் ஓடாதீர்கள், கைகலப்பு வேண்டாம். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். கைப்பற்றியதற்கான மகஜரைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள், நகல் கேளுங்கள். உடம்பைச் சோதிப்பதாக இருந்தால் மாஜிஸ்திரேட் அல்லது கெஜடெட் அதிகாரி முன்னிலையில் செய்யச் சொல்லும் உரிமை பிரிவு 50-இல் இருக்கிறது. வீட்டுச் சோதனைக்கு அது பொருந்தாது. அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றத்தை நிரூபிக்கும் சாட்சியமாகப் பயன்படுத்த முடியாது என்று 2020-இல் தூஃபான் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது, அது தமிழ்நாட்டிலிருந்து போன வழக்குதான். அதனால் பயத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று நொந்து போய் உட்காராதீர்கள். கைதாகாமலே பயத்தில் இருப்பவர்கள் எதையும் வாட்ஸ்அப்பில் யாரிடமும் ஆலோசனை கேட்க வேண்டாம். ஒரு வக்கீலை நேரில் பாருங்கள். அவரிடம் நீங்கள் சொல்வதை அவர் வெளியே சொல்லக் கூடாது.

பெற்றோர்களே, பையன் அறையைப் பூட்டியே வைத்திருந்தால் காரணம் கேளுங்கள், அடிக்காதீர்கள். பழக்கம் இருக்கிறது என்று தெரிந்தால், செடி வரைக்கும் போவதற்கு முன்னால் சிகிச்சைக்குக் கூட்டிப் போங்கள். கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு இடத்திலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, மனநலப் பிரிவில் காட்டலாம். போதை மீட்புக்கான தேசிய இலவச எண் 14446. வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் 15100-க்கு அழைக்கலாம், அல்லது கோர்ட் வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் நேரில் மனு கொடுக்கலாம். காவலில் இருப்பவருக்கு வருமானக் கணக்கு பார்க்காமலே அங்கே இலவசமாக வக்கீல் கொடுப்பார்கள்.