பேக்லாஷ்: பதிலடியா, எதிர்வினையா?

அமெரிக்க அரசியல் செய்திகளில் அடிக்கடி வரும் ‘பேக்லாஷ்’ என்ற சொல்லைத் தமிழில் எப்படி எழுதுவது? லேத் (கடைசல் இயந்திரம்) ஓட்டியவர்களுக்கு இது பழகிய சொல். கைப்பிடியை ஒரு பக்கம் சுற்றிவிட்டு எதிர்ப்பக்கம் திருப்பினால் கொஞ்ச தூரம் கை மட்டும்தான் சுற்றும், டூல் நகராது. திருகுக்கும் மரைக்கும் நடுவே உள்ள அந்தத் தளர்வுக்குத்தான் இந்தப் பெயர். பல்சக்கரத்திலும் இதே கதை. ஓட்டம் திசை மாறும்போது பற்கள் இடைவெளியைத் தாண்டி டக்கென்று மோதும். ஆங்கிலத்தில் இந்தச் சொல் முதலில் குறித்தது இயந்திரத்தின் இந்த மோதலைத்தான்.

அரசியலில் இது ஒட்டிக்கொண்டது 1963-64 வாக்கில், அமெரிக்கக் கறுப்பினத்தவரின் உரிமைப் போராட்டம் உச்சத்தில் இருந்தபோது. இனப் பிரிவினையை ஆதரித்த அலபாமா ஆளுநர் ஜார்ஜ் வாலஸ், 1964இல் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் தேர்வில் வடக்கே விஸ்கான்சின் வரை போய் நின்று, மூன்றில் ஒரு பங்கு வாக்கு வாங்கினார். மேரிலாந்தில் 40 சதவீதத்துக்கும் மேல். கறுப்பர் உரிமைக்கு எதிராக வெள்ளையர்களிடம் கிளம்பிய இந்த எதிர்ப்பைப் பத்திரிகைகள் ‘ஒயிட் பேக்லாஷ்’ என்று எழுதின. டிரம்ப் வென்ற 2016 தேர்தல் இரவில் சிஎன்என் விவாதத்தில் அரசியல் விமர்சகர் வான் ஜோன்ஸ் சொன்ன ‘ஒயிட்லாஷ்’ இதன் சுருக்கம்தான்.

எனக்கு இந்தச் சொல்லில் ஒரு உறுத்தல் உண்டு. பல்சக்கரத்துக்கு மனது கிடையாது. தள்ளினால் மோதும், அவ்வளவுதான். ‘கறுப்பர்கள் அவசரப்பட்டார்கள், பேக்லாஷ் வந்தது’ என்று எழுதினால் பழி உரிமை கேட்டவர் தலையில் விழுகிறது. இதில் புதிதாக எதுவும் இல்லை, வெள்ளை அமெரிக்காவிடம் என்றும் இருந்த தயக்கமும் பாரபட்சமும்தான் மேலே வந்திருக்கின்றன என்று 1967இலேயே மார்ட்டின் லூதர் கிங் எழுதிவிட்டார்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘பின்னடைவு’ ஆகாது, அது சறுக்கல். ‘பதிலடி’ இன்னும் மோசம். பதிலடி என்றால் முதலடி ஒன்று விழுந்திருக்க வேண்டும். பேருந்தில் சம இருக்கை கேட்டது யாரை அடித்தது? ‘எதிர்ப்பலை’ காதுக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் அலைக்கும் ஆள் கிடையாது. ‘வெள்ளையர் எதிர்ப்பு’ என்று எழுதினால் நம் ஆட்களுக்குக் கட்டபொம்மன்தான் நினைவுக்கு வருவார்!

என் ஓட்டு ‘வெள்ளையரின் எதிர்வினை’க்கு. நியூட்டன் விதி வாடை கொஞ்சம் அடிக்கும், பரவாயில்லை. வினை என்று வந்துவிட்டால் வினைமுதல் யார் என்று தமிழ் வாசகர் கேட்பார்.

கேட்டால் பதிலும் கிடைக்கும். 2013 ஜூன் 25 அன்று, கறுப்பினத்தவரின் வாக்கைக் காக்க வந்த வாக்குரிமைச் சட்டத்தின் முக்கியமான பிரிவு ஒன்றை அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. பாகுபாட்டு வரலாறு உள்ள மாநிலங்கள் தேர்தல் விதிகளை மாற்ற முன்அனுமதி பெற வேண்டும் என்ற ஏற்பாடு அதோடு செயலிழந்தது. சிறுபான்மையினருக்குப் பாதகம் என்று அதுவரை முடக்கப்பட்டிருந்த வாக்காளர் அடையாள அட்டைச் சட்டம் உடனே நடைமுறைக்கு வரும் என்று அப்போதைய டெக்சஸ் அட்டர்னி ஜெனரல் கிரெக் அபட் அன்றைக்கே அறிவித்தார். இங்கே ‘பேக்லாஷ் எழுந்தது’ என்று எழுத வேண்டியதில்லை. அறிவித்தவருக்குப் பெயரும் பதவியும் இருக்கின்றன.