நிழலை அளந்து விமானத்தைக் கண்டுபிடிப்பது

“1971 ஜூன் 21 அன்று அப்பா லண்டன் ஹீத்ரோவில் இறங்கியதாக அவருடைய பாஸ்போர்ட் முத்திரை சொல்கிறது. விமானத்தின் அருகே அவர் நிற்கும் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றும் இருக்கிறது. டிக்கெட் தொலைந்துவிட்டது. அது எந்த விமானம் என்று இப்போது கண்டுபிடிக்க முடியுமா?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

பெரும்பாலும் முடியும். பயணிகள் பட்டியலைத் தேடி அலைய வேண்டாம். விமான நிறுவனங்கள் அதையெல்லாம் அரை நூற்றாண்டு பத்திரப்படுத்துவதில்லை. பழைய கால அட்டவணைகளிலிருந்து தொடங்கலாம். ஒவ்வொரு நிறுவனமும் அவற்றை அச்சிட்டது. சேகரிப்பாளர்கள் நிறையவற்றை ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள். பான் ஆம் என்ற பழைய அமெரிக்க விமான நிறுவனத்தின் ஆவணங்கள் மயாமி பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. அட்டவணைகளில் கிழமைகள் பெரும்பாலும் எண்களாக இருக்கும். திங்கள் 1, ஞாயிறு 7. ஜூன் 21 அந்த ஆண்டு திங்கட்கிழமை. ஆனால் அந்த எண் புறப்படும் நாளைக் குறிப்பது. இரவெல்லாம் பறந்து வந்த விமானம் என்றால் 7 உள்ள வரியைத்தான் பார்க்க வேண்டும். வாலில் இருக்கும் சின்னம் நிறுவனத்தைச் சொல்லிவிடும். இப்படிக் கழித்துக்கொண்டே போனால் இரண்டு மூன்று சேவைகள் மிஞ்சும்.

சரி, அவற்றில் எது? படத்தில் அப்பாவின் நிழல் தரையில் விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் பாதி வேலை முடிந்தது. படம் எடுத்த நேரத்தை நிழல் சொல்லும்; அந்த நேரத்தை ஒட்டி இறங்கிய சேவைதான் நாம் தேடுவது.

ஆளின் உயரமும் நிழலின் நீளமும் சமமாக இருந்தால் சூரியன் அடிவானத்துக்கு மேலே 45 டிகிரியில் இருக்கிறது. நிழல் நீள நீளச் சூரியன் தாழ்வாக இருக்கிறது என்று பொருள். அப்பா எத்தனை அடி உயரம் என்பதுகூடத் தேவையில்லை, விகிதம் போதும். படத்தில் நிழல் கேமராவை நோக்கிச் சாய்ந்திருந்தால் உண்மை நீளத்தைவிடக் குட்டையாகத் தெரியும். தரையில் போட்ட கான்கிரீட் கட்டங்களின் கோடுகளை வைத்து அதைத் திருத்திக்கொள்ளலாம்.

வாசகரின் படத்தில் 45 டிகிரி வருகிறது என்றே வைத்துக்கொள்வோம். ஹீத்ரோ ஏறக்குறைய 51.5 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஜூன் 21 அன்று சூரியன் கடக ரேகைக்கு, அதாவது 23.4 டிகிரி வடக்குக்கு, நேர் மேலே நிற்கும். எனவே ஹீத்ரோவின் உச்சிப்பொழுதில் அது கிட்டத்தட்ட 62 டிகிரி வரை ஏறும். பூமி மணிக்கு 15 டிகிரி சுழல்கிறது. பள்ளியில் படித்த சைனையும் கொசைனையும் தூசு தட்டினால், உச்சிப்பொழுதுக்கு 3 மணி 5 நிமிடம் முன்னும், அதே அளவு பின்னும் சூரியன் 45 டிகிரியில் இருக்கும் என்று விடை வரும்.

அந்த உச்சிப்பொழுது கடிகாரத்தில் 12 மணி அல்ல, பகல் 1.04. கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்திருந்தார்கள். ஹீத்ரோ கிரீன்விச்சுக்கு அரை டிகிரி மேற்கே இருப்பதால் 2 நிமிடம். பூமியின் சாய்வாலும் நீள்வட்டப் பாதையாலும் இன்னொரு 2 நிமிடம். ஆக, படம் எடுத்த நேரம் காலை 9.59 அல்லது மாலை 4.09. நிழலை 5 சதவீதம் தவறாக அளந்தாலும் பத்து நிமிடம்தான் பிசகும். ஒரு பழுப்பேறிய படத்திலிருந்து இவ்வளவு கிடைப்பது எனக்கு இன்றும் வியப்புதான்! உச்சிப்பொழுதை ஒட்டி எடுத்த படத்தில் மட்டும் இந்த வித்தை பலிக்காது. அப்போது சூரியனின் உயரம் மாறுவதே தெரியாது.

காலையா மாலையா? நிழலின் திசை சொல்லும். காலை என்றால் அது மேற்கிலிருந்து சற்று வடக்கே விழும். மாலை என்றால் கிழக்கிலிருந்து சற்று வடக்கே. ஹீத்ரோவின் முக்கிய ஓடுபாதைகள் கிழக்கு மேற்காகக் கிடப்பதால் பின்னணியில் ஓடுபாதை தெரிந்தாலே போதும். பழைய வரைபடத்தில் அவற்றுக்கு 10, 28 என்று எண் இருக்கும், இன்று 09, 27. ஓடுபாதை இடம் மாறவில்லை, காந்த வடக்குதான் நகர்ந்தது. ஓடுபாதை எண் காந்தத் திசையை வைத்துத் தரப்படுவதால் 1987இல் மாற்றினார்கள்.

இந்தக் கணக்கைக் கவிழ்ப்பது பெரும்பாலும் வானியல் அல்ல, அரசாணைகள். பிரிட்டன் 1968 அக்டோபர் முதல் 1971 அக்டோபர் வரை குளிர்காலத்திலும் கடிகாரத்தைப் பின்னே தள்ளவில்லை. சிங்கப்பூர் 1981 முடியும்வரை கிரீன்விச்சுக்கு ஏழரை மணி முன்னே இருந்தது; 1982 பிறந்ததும் எட்டு மணி. இவற்றையெல்லாம் தொகுத்து வைத்திருப்பது ஆர்தர் டேவிட் ஓல்சன் தொடங்கிய கால மண்டலத் தரவுத்தளம். தன்னார்வலர்கள்தான் அதைக் கட்டி வளர்த்தார்கள். 2011இல் ஒரு ஜோதிட மென்பொருள் நிறுவனம், பழைய நேரக் குறிப்புகள் தங்கள் சொத்து என்று வழக்குப் போட, தரவுத்தளம் சில நாள் முடங்கியது. மறு ஆண்டு வழக்கைத் திரும்பப் பெற்றார்கள். ஜாதகத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனாலும் பிறந்த நேரத்தைக் கணிக்க உலகின் பழைய கடிகார வரலாற்றைச் சேர்த்தவர்களில் ஜோதிடர்களும் உண்டு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கோடிக்கணக்கான கருவிகள் நம்பியிருக்கும் இந்த வேலைக்கு அரசுகள் முறையாகப் பணம் ஒதுக்கியிருந்தால் ஒரு வழக்கில் ஆட்டம் கண்டிருக்காது.

சேவை எண் தெரிந்தாலும் ஒரு சந்தேகம் மிஞ்சும். அட்டவணை சொன்ன விமானம்தான் பறந்ததா? பான் ஆம் தன் முதல் போயிங் 747 பயணிகள் சேவையை 1970 ஜனவரி 21 மாலை நியூயார்க்கிலிருந்து லண்டனுக்குத் திட்டமிட்டது. எஞ்சின் சூடேறியதால் வேறொரு 747ஐக் கொண்டுவந்தார்கள். அது கிளம்பும்போது நள்ளிரவு தாண்டி 22ஆம் தேதி ஆகிவிட்டது. 1977இல் டெனரிஃபே தீவின் ஓடுபாதையில் மோதிக்கொண்ட இரண்டு 747களில் ஒன்று, மாற்றாக வந்த அந்த விமானம்தான்.

ஆகவே கடைசிச் சான்று விமானத்தின் உடம்பில் எழுதிய பதிவெண்தான். பிரிட்டன் ‘ஜி’, அமெரிக்கா ‘என்’, இந்தியா ‘விடி’ என்று தொடங்கும். இரண்டு எழுத்து தெரிந்தாலே அந்த நிறுவனத்தின் பட்டியலில் தேடி மற்றதை நிரப்பிவிடலாம். வாசகருக்கு ஒரு வேண்டுகோள்: நெகட்டிவ் இருந்தால் அதை ஸ்கேன் செய்யுங்கள். அச்சுப் போடும்போது ஓரங்களை வெட்டியிருப்பார்கள், பதிவெண் அந்த ஓரத்தில் இருக்கக்கூடும்.