லெவி: வரியா, தண்டலா, மகமையா?

'லெவி' நம் ஊருக்குப் புதிய சொல் இல்லை. அரசு வைத்த விலைக்கு இத்தனை மூட்டை கொடுத்தே ஆகவேண்டும் என்று எடுத்துக்கொண்ட நெல்லுக்கு லெவி நெல் என்று பெயர். சர்க்கரை ஆலைகள் ரேஷனுக்காக ஒதுக்கிக் கொடுத்தது லெவி சர்க்கரை. அந்த ஏற்பாடு 2013-இல்தான் போனது. இந்த நினைப்போடு இருப்பவர், அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில், ஏழைகளின் வீடுகளுக்காகச் சொத்துவரியோடு சேர்த்து வாங்கும் 'ஹவுசிங் லெவி'யை மக்களே ஓட்டுப் போட்டு நிறைவேற்றினார்கள் என்று படித்தால் திகைத்துத்தான் போவார். கொடு என்று கேட்பதற்கு யாராவது ஓட்டுப் போடுவார்களா?

போடுகிறார்கள். 1981-இல் முதியோர் வீடுகளுக்காக நகரம் கடன் பத்திரம் வெளியிடச் சம்மதித்தார்கள். அப்புறம் 1986, 1995, 2002, 2009, 2016, 2023 என்று ஒவ்வொரு முறையும் லெவிக்கு 'சரி' சொல்லியிருக்கிறார்கள். 2009-இல் 14.5 கோடி டாலர், 2016-இல் 29 கோடி. 2023-இல் ஒரேயடியாக 97 கோடி, ஏழு ஆண்டுகளுக்கு. சொத்து மதிப்பில் ஆயிரம் டாலருக்கு ஏறத்தாழ 45 சென்ட். எட்டு லட்சம் டாலர் பெறும் வீட்டுக்காரர் ஆண்டுக்குச் சுமார் 360 டாலர் கூடுதலாகக் கட்டவேண்டும்.

சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. 'லெவிஸ்' என்றால் கனமற்றது. அதிலிருந்து 'லெவாரே', தூக்குதல். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, பணத்தை எழுப்புவதும் படையை எழுப்புவதும் லெவி ஆயின. 1793-இல் பிரான்ஸ் நாட்டையே போருக்குத் திரட்டியதற்கும் இந்தக் குடும்பத்துச் சொல்தான் பெயர். ஆற்றோரம் வெள்ளத்தைத் தடுக்க எழுப்பும் 'லெவீ' என்ற கரைக்கும், நம்மை மாடிக்குத் தூக்கும் எலிவேட்டருக்கும் வேர் இதுவே. சியாட்டில் இருக்கும் வாஷிங்டன் மாநிலத்தில் ஓர் உள்ளாட்சி தன் சொத்துவரி வருவாயை, புதுக் கட்டடங்களால் வருவது நீங்கலாக, ஆண்டுக்கு ஒரு சதவீதத்துக்கு மேல் பொதுவாக உயர்த்த முடியாது. அந்த மூடியைத் திறக்க வாக்காளர் சம்மதம் வேண்டும். இதை அங்கே 'லெவி லிட் லிஃப்ட்' என்கிறார்கள். மூடியைத் தூக்குதல்! வேர்ச்சொல் தெரிந்தவருக்குச் சிரிப்பு வரும்.

தமிழில் இதற்கு என்ன சொல்வது? எனக்கு முதலில் பிடித்தது 'தண்டல்'. தண்டுதல் என்றால் வசூலித்தல். தண்டு என்றால் படை என்றும் பொருள். லெவிக்குள் இருக்கும் அதே இரட்டை. வேர்கள் வேறாக இருக்கலாம், ஆனாலும் அழகான தற்செயல். கலெக்டரைத் 'தண்டலர்' என்றுகூட எழுதிப் பார்த்தார்கள், நிற்கவில்லை. ஆனால் இன்று சென்னையில் தண்டல் என்றால், காலையில் கடையைத் திறந்ததும் நோட்டுப் புத்தகத்தோடு வந்து நிற்பவரிடம் கட்டும் அன்றாடக் கடன். ஏழைக்கு வீடு கட்டும் திட்டத்துக்கு அந்தப் பெயர் வைப்பது பாவம்.

இலங்கைத் தமிழில் 'அறவிடுதல்', 'அறவீடு' என்ற சொற்கள் நல்ல புழக்கத்தில் உள்ளன. வசூலிக்கும் செயலுக்கு அவை கச்சிதம். எதற்காக வசூல் என்பதைத்தான் சொல்வதில்லை. 'வரி' ரொம்பப் பொது. 'மேல்வரி' இயங்கும் விதத்தைச் சரியாகக் காட்டுகிறது. உங்கள் சொத்துவரி ரசீதை எடுத்துப் பாருங்கள், நூலக வரி என்று ஒரு தொகை இருக்கும். 1948-ஆம் ஆண்டு நூலகச் சட்டம் கொண்டுவந்தது அது. சொத்துவரியோடு சேர்த்து வாங்கி, நூலகத்துக்கென்றே ஒதுக்கும் தொகை. சியாட்டில் லெவியும் இப்படித்தான், நூலகத்துக்குப் பதில் வீடு. ஆனால் நூலக வரிக்கு நம்மை யாரும் கேட்கவில்லை.

கேட்டு, ஒப்பி, ஒரு காரியத்துக்காக என்று தங்களுக்குத் தாங்களே விதித்துக்கொள்வதற்கு நம்மிடம் ஒரு சொல் உண்டு: மகமை. மூட்டைக்கு இவ்வளவு என்று வியாபாரிகள் எடுத்துவைக்கும் பொதுப்பணம். விருதுநகரில் நாடார் உறவின்முறை 1889-இல் தொடங்கிய க்ஷத்திரிய வித்தியாசாலை மகமைப் பணத்திலும் வீட்டுக்கு வீடு வாங்கிய பிடியரிசியிலும் வளர்ந்தது. காமராஜர் படித்தது அங்கேதான். மகமை ஒரு சமூகத்துக்குள் நடந்தது, பின்னால் சட்டம் இல்லை. லெவியைக் கட்டாவிட்டால் சட்டம் வரும், 'வேண்டாம்' என்று ஓட்டுப் போட்டவரும் கட்டியாகவேண்டும். அந்த வேறுபாட்டை ஒரு வரியில் சொல்லிவிட்டு 'வீட்டு மகமை' என்றே நான் எழுதுவேன். செய்தித்தாளுக்கு வேண்டுமானால் 'வீட்டுவசதி மேல்வரி'.

அந்தப் பணம் கட்டும் வீடுகளின் பெயரிலும் ஒரு சிக்கல். ஆங்கிலத்தில் 'அஃபோர்டபிள் ஹவுசிங்' என்பதை 'மலிவு விலை வீடு' என்று போடுகிறோம். இவை பெரும்பாலும் வாடகை வீடுகள். தவிர, மலிவு என்பது பொருளின் விலையைப் பற்றியது. இங்கே கணக்கு குடியிருப்பவரின் பையைப் பற்றியது: வருமானத்தில் 30 சதவீதத்துக்குள் வாடகை அடங்கவேண்டும் என்பது அமெரிக்க அளவுகோல். 'கட்டுப்படியாகும் வீடு' என்றால் எல்லாம் வந்துவிடும்.

ஆங்கிலத்தில் 'சப்போர்ட்டிவ் ஹவுசிங்' எனப்படும் இன்னொரு வகையைச் சிலர் 'ஆதரவு இல்லம்' என்று எழுதுகிறார்கள். கூடவே கூடாது. இல்லம் என்றதும் வார்டனும் மணியடித்துச் சாப்பாடும் கண்முன் வரும். சியாட்டிலில் 2005-இல் திறந்த '1811 ஈஸ்ட்லேக்' என்ற கட்டடத்தைப் பாருங்கள். தெருவில் கிடந்த, குடியை விடமுடியாத 75 பேருக்கு ஆளுக்கொரு வீடு. குடியை நிறுத்தினால்தான் சாவி என்ற நிபந்தனை இல்லை, அறைக்குள் குடிக்கலாம். இதற்கு ஊரில் கடும் எதிர்ப்பு இருந்தது. கீழே ஊழியர்கள் இரவுபகலாக இருப்பார்கள், வேண்டிய உதவி கேட்டால் கிடைக்கும். இதற்கு நான் வைக்கும் பெயர் 'துணையுள்ள வீடு'. வாடகைதாரர் கொடுக்கும் வாடகை அந்த ஊழியர் சம்பளத்துக்கே காணாது. அதனால்தான் லெவிப் பணத்தில் ஒரு பங்கு செங்கல் சிமென்ட்டுக்குப் போகாமல் வீடுகளை நடத்தும் செலவுக்குப் போகிறது.