பிபிடியைக் கடைசியில் போடுங்கள்

செமஸ்டர் பாதி தாண்டியதும் வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை ஜெராக்ஸ் கடைகளில் ஒரு கூட்டம் நிற்கும், செமினார் கூட்டம். நெட்டில் கிடைத்த முப்பது ஸ்லைடு பிபிடியில் முதல் பக்கத்துப் பெயரை மட்டும் மாற்றி, பார்த்துப் படிக்க ஒரு பிரிண்டும் எடுத்துக்கொண்டு போவார்கள். இன்டர்னல் மார்க் வந்துவிடும், சரி. உட்கார்ந்து கேட்கிற அறுபது பேருக்கு என்ன வருகிறது? இந்தப் பக்கத்துக் கல்லூரியில் பாடம் நடத்துகிறவனாகச் சொல்கிறேன், கொட்டாவிதான் வருகிறது.

கோளாறு ஸ்லைடில் ஆரம்பிப்பதில் இருக்கிறது. எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய்க் கழிவு என்று ஒரு தலைப்பு கொடுத்தால் முதல் ஸ்லைடு முன்னுரை, இரண்டாவது கச்சா எண்ணெயின் வேதியியல், அப்புறம் உலகத்தில் எங்கெங்கோ கவிழ்ந்த கப்பல்கள் என்று போய், எண்ணூர் வருவதற்குள் பெல் அடித்துவிடும். இதே தலைப்போடு வந்த ஒரு மாணவியிடம் லேப்டாப்பை மூடச் சொல்லிவிட்டு ஒன்றே ஒன்று கேட்டேன்: "கடைசி பெஞ்சுக்காரன் சாயங்காலம் டீக்கடையில இதப் பத்தி ஒரு வரி சொல்றான்னா, என்னம்மா சொல்லணும்?" கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "வெள்ளம் வடிஞ்சிடுச்சு, எண்ணெய் வடியல, சார்" என்றாள்.

அவ்வளவுதான், செமினார் கிடைத்துவிட்டது. அந்த வரிக்கு எது வேண்டுமோ அது மட்டும் உள்ளே, மற்றதெல்லாம் வெளியே. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையில் மணலிப் பக்கத்துத் தொழிற்சாலைப் பகுதியிலிருந்து எண்ணெய் வெள்ளத்தோடு கலந்து, பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்துக்கு வந்தது, மீனவர்கள் படகில் போய்க் கையாலும் மக்காலும் அள்ளியது, இவை உள்ளே. வேதியியலில் ஒரே ஒரு விஷயம் போதும். எண்ணெய் தண்ணீரைவிட லேசு, மிதக்கும், அதனால்தான் படகு, வலை, அலையாத்தி வேர் என்று தண்ணீர் மட்டத்தில் இருக்கிற எல்லாவற்றிலும் ஒட்டும். பழைய இன்ஜின் ஆயிலில் தோய்த்த ஒரு வலைத் துண்டைக் கொண்டுவந்து எல்லார் முன்னாலும் சோப்புத் தண்ணீரில் கசக்கிக் காட்டினாள், கறுப்பு போகவே இல்லை. கடைசி வரிசை எழுந்து நின்று பார்த்தது. மொத்தம் நான்கு ஸ்லைடு, அதில் ஒன்று வரைபடம்.

நேரக் கணக்கைப் பார்க்கலாம். வகுப்புக்குப் புரிகிற வேகத்தில் பேசினால் நிமிடத்துக்கு 100 சொல் பக்கம்தான் வரும், அப்படியானால் பத்து நிமிடத்துக்கு 1,000 சொல். பன்னிரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வருகிறவர் கடைசி மூன்று நிமிடத்தில் எக்ஸ்பிரஸ் ரயில் ஓட்டத்தான் வேண்டியிருக்கும், முடிவுரை யார் காதிலும் விழாது.

ஸ்லைடில் பத்தி பத்தியாக எழுதாதீர்கள். படித்துக்கொண்டே பேச்சையும் கேட்பது யாருக்கும் கஷ்டம், வகுப்பு படிக்க ஆரம்பித்துவிட்டால் நீங்கள் சும்மா சத்தம் போடுகிறீர்கள் என்று அர்த்தம். எல்லாரும் உங்களைப் பார்க்க வேண்டிய இடத்தில் பவர்பாயின்ட்டில் முற்றுப்புள்ளி பட்டனைத் தட்டினால் திரை இருட்டாகும், இன்னொரு தடவை தட்டினால் திரும்பி வரும். தமிழில் ஸ்லைடு போடுகிறவர்கள் யூனிகோடு எழுத்துருவில் போடுங்கள். பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் அடித்தது, அது இல்லாத கம்ப்யூட்டரில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். எதற்கும் ஒரு பிடிஎஃப் காப்பி இருக்கட்டும். பழைய புரொஜெக்டரில் விஜிஏ கேபிள்தான் இருக்கும், புது லேப்டாப்பில் அந்த ஓட்டையே இருக்காது, இதை முதல் நாளே போய்ப் பார்த்துவிடுங்கள். கரன்ட் போனாலும் கரும்பலகை இருக்கிறது, வரைபடத்தைக் கையால் போட்டுப் பழகியிருந்தால் கவலை இல்லை.

ஒத்திகை என்றதும், "வீட்டுல தனி ரூம் எங்க சார் இருக்கு?" என்பார்கள். நியாயம்தான், ஆனால் மொட்டை மாடி இருக்கிறதே. வாய்விட்டுப் பேசிப் போனில் பதிவு செய்து கேளுங்கள், மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பது ஒத்திகை ஆகாது. மனப்பாடம் முதல் இரண்டு வரிக்கு மட்டும் போதும், முழுசும் மனப்பாடம் செய்தவர் ஒரு சொல் மறந்தால் அங்கேயே நின்றுவிடுவார். ஏ4 தாள் வேண்டாம், கை நடுங்குவதை அது வகுப்புக்கே காட்டிக்கொடுக்கும். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையின் பின்பக்கத்தில் குறிப்பு எழுதிக்கொள்ளுங்கள், நடுங்கினாலும் தெரியாது. ஃபேன் சத்தத்தைத் தாண்டி குரல் போகவேண்டும், கூட்ஸ் வண்டி போகிற சத்தம் கேட்டால் பேசாமல் நில்லுங்கள், போனதும் தொடரலாம்.

இங்கிலீஷ் பயத்தில் பேசாமலே போனவர்கள் எத்தனையோ பேர். கலைச்சொல் ஆங்கிலத்தில் இருக்கட்டும், விளக்கம் தமிழில் சொன்னால் மார்க் குறைக்கக் கூடாது என்பது என் கட்சி. ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை: மாணவர் பேசும்போது பின்னால் உட்கார்ந்து அட்டெண்டன்ஸ் ரெஜிஸ்டரைப் போட்டுக்கொண்டிருந்தால் வகுப்பு மட்டும் ஏன் கேட்கும்?

குரூப் செமினாரில் ஒருத்தர் உழைக்க மூன்று பேர் பக்கத்தில் நிற்பதற்கு நான் கண்ட வழி, யார் எந்தப் பகுதி பேசுவது என்பதை அன்றைக்குக் காலையில் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வது. நாலு பேரும் எல்லாவற்றையும் படித்துவிட்டு வருகிறார்கள், கேள்வி நேரத்தில் ஒருத்தர் முகத்தை மற்றவர் பார்ப்பதும் குறைந்துவிட்டது. தெரியாத கேள்வி வந்தால் சுற்றி வளைக்க வேண்டாம். "தெரியல, பார்த்துட்டு நாளைக்குச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, மறுநாள் வகுப்பு தொடங்கும்போது எழுந்து பதிலைச் சொல்லுங்கள். நான் அதற்கும் மார்க் வைத்திருக்கிறேன்.