உப்பி வீங்கும் பேட்டரி: சிறிய டேப்லெட்டில் கேம் ஆடுவோர் அறிந்திருக்க வேண்டியவை

எட்டு அங்குல டேப்லெட்டுகளுக்கு மறுபடியும் ஒரு காலம் வந்திருக்கிறது. 2012-இல் கூகுளின் நெக்ஸஸ் 7-உம் ஆப்பிளின் முதல் ஐபேட் மினியும் வெளிவந்தபோது எழுந்த ஆர்வம், கைபேசித் திரைகள் பெரிதாகப் பெரிதாகத் தணிந்துபோயிற்று. இப்போது அதை மீட்டுக்கொண்டு வந்திருப்பவர்களில் முக்கியமானவர்கள் கேம் ஆடுகிறவர்கள். லெனோவா நிறுவனம் 2022-இல் ஒய்700 என்ற 8.8 அங்குல டேப்லெட்டைக் கேமுக்கென்றே சீனச் சந்தையில் இறக்கியது. அதே ஆண்டில் வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் டெக் வந்து, கணினி கேம்களைக் கையில் பிடித்து ஆடலாம் என்று காட்டியது. நம் ஊரில் பிஜிஎம்ஐ என்ற துப்பாக்கிச் சண்டை கேமை ஆடும் பிள்ளைகள் 'ஐபேட் வியூ' என்று ஒன்றைச் சொல்வார்கள். கைபேசியின் நீண்ட திரையில் வெட்டுப்பட்டுப்போகும் மேல், கீழ்ப் பகுதிகள் 4:3 வடிவத் திரையில் கூடுதலாகத் தெரியும் என்பதுதான் அதன் பொருள். அந்த ஒரு வசதிக்காகவே பழைய ஐபேட் மினிகளைத் தேடிப்பிடித்து வாங்குகிறார்கள்.

கைபேசி, டேப்லெட் பழுதுபார்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் நான். இந்த ஆர்வத்தைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. முந்நூறு கிராம் எடைகூட இல்லாத ஒரு பலகைக்குள் இவ்வளவு திறனை அடக்கியிருக்கும் பொறியியல் எனக்கும் வியப்பளிப்பதுதான். ஆனால் வாங்குவதற்கு முன் ஆலோசனை கேட்டு வருகிறவர்களின் கேள்விகளுக்கும், வாங்கி ஓரிரு ஆண்டுகள் கழித்துப் பழுதோடு வருகிறவர்களின் குறைகளுக்கும் தொடர்பே இருப்பதில்லை. முதல் தரப்பினர் எந்தச் சிப், எத்தனை எஃப்பிஎஸ் (கேம் நொடிக்குக் காட்டும் படங்கள்), திரை தன்னைப் புதுப்பிக்கும் வேகம் 120 ஹெர்ட்ஸா 165 ஹெர்ட்ஸா என்று கேட்கிறார்கள். இரண்டாம் தரப்பினர் கொண்டுவரும் கருவிகளில் சிப் கெட்டுப்போனது அரிது. பேட்டரி உப்பியிருக்கும், அல்லது முப்பது சதவீதத்தில் இருக்கும்போதே திடீரென்று அணைந்துபோகும், அல்லது உப்பிய பேட்டரி உள்ளிருந்து தள்ளியதால் டிஸ்ப்ளே தூக்கிக்கொண்டு நிற்கும்.

பேட்டரியின் அளவை விளம்பரங்கள் மில்லி ஆம்பியர் மணியில் சொல்கின்றன. அதை வாட் மணியாக, அதாவது பேட்டரியில் அடங்கும் ஆற்றலின் அளவாக, மாற்றிப் பார்க்கும் பழக்கம் நமக்கு வர வேண்டும். மில்லி ஆம்பியர் எண்ணைப் பேட்டரியின் வோல்ட் அளவால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் போதும். ஐபேட் மினியின் கதையை இந்த அலகில் படித்தால் ஓர் உண்மை தெளிவாகும். 2015-இல் வந்த நான்காம் தலைமுறையில் ஏ8 சிப்பும் 19.1 வாட் மணிப் பேட்டரியும் இருந்தன. 2024-இல் வந்த ஏழாம் தலைமுறையில் ஏ17 ப்ரோ சிப் இருக்கிறது, பேட்டரி 19.3 வாட் மணி. ஒன்பது ஆண்டுகளில் சிப்பின் திறன் பன்மடங்கு வளர்ந்துவிட்டது, பேட்டரியோ ஏறத்தாழ நின்ற இடத்திலேயே நிற்கிறது. சாதாரண வேலைகளில் புதிய சிப் சிக்கனமாகவே மின்சாரம் செலவழிக்கும் என்பதால் இந்த இடைவெளி தெரியாது. கனமான கேமைத் திறந்து எல்லா அமைப்புகளையும் உச்சத்தில் வைக்கும்போதுதான் அது வெளிப்படும். ஸ்டீம் டெக்கின் முதல் மாதிரியில் 40 வாட் மணிப் பேட்டரி இருந்தும், கேமைப் பொறுத்து இரண்டு முதல் எட்டு மணி நேரம் ஓடும் என்றுதான் வால்வ் அறிவித்தது. அசூஸ் நிறுவனம் 2023-இல் ஆர்ஓஜி அல்லை என்ற கையடக்கக் கேம் கருவியை 40 வாட் மணிப் பேட்டரியோடு வெளியிட்டு, மறு ஆண்டே அல்லை எக்ஸ் மாதிரியில் அதை இருமடங்காக்கி 80 வாட் மணியாக உயர்த்தியதும் சும்மா இல்லை.

செலவாகும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் மாறுகிறது. ஸ்டீம் டெக் போன்ற கருவிகளில் விசிறி உண்டு. தடிமனும் எடையும் கூடினாலும், வெப்பத்தை வெளியே தள்ள வழி இருக்கிறது. பெரும்பாலான சிறிய டேப்லெட்டுகளில் விசிறி கிடையாது, பின்புறத் தகடுதான் வெப்பம் வெளியேறும் முக்கிய வழி. அந்தத் தகட்டின் மீது தடித்த ரப்பர் உறையைப் போட்டு, மெத்தையின் மேல் வைத்து ஆடினால் அந்த வழியும் அடைபடுகிறது. சூடு ஓர் எல்லையைத் தாண்டினால் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆடுகிறவர்கள் 'லேக் அடிக்கிறது' என்று சலித்துக்கொள்வதில் ஒரு பகுதி இதுதான். அப்படித் தன்னைக் காத்துக்கொள்ளும் வசதி சிப்புக்கு இருக்கிறது. அதற்கு ஒட்டினாற்போல் படுத்திருக்கும் பேட்டரியோ, சூடு எல்லை மீறினால் சார்ஜ் ஏறுவது நிறுத்தப்படும் என்பதற்கு மேல், வருகிற வெப்பத்தையெல்லாம் வாங்கிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

லித்தியம் அயன் பேட்டரிக்கு இரண்டு நிலைகள் ஆகாதவை. ஒன்று வெப்பம்; மற்றொன்று முழுச் சார்ஜில் நீண்ட நேரம் இருப்பது. முழுச் சார்ஜில் அதன் மின்னழுத்தம் 4.2 வோல்ட்டுக்கோ புதிய வகைகளில் அதற்கு மேலோ ஏறி நிற்கும். அந்த அழுத்தத்தில் உள்ளிருக்கும் மின்பகு திரவம் மெல்லச் சிதையத் தொடங்குகிறது, வெப்பம் அந்தச் சிதைவை விரைவுபடுத்துகிறது. சிதைவிலிருந்து வாயு பிறக்கிறது. டேப்லெட்டுகளில் இருப்பது இரும்புக் குப்பியில் அடைத்த பேட்டரி அன்று, அலுமினியத் தாள் பையில் அடைத்தது. வாயு வெளியேற வழியில்லாமல் பை உப்புகிறது. சார்ஜர் செருகியபடியே மணிக்கணக்கில் கேம் ஆடும்போது இந்த இரண்டு கேடுகளும் ஒன்றாகச் சேர்ந்துகொள்கின்றன. பேட்டரி நூறு சதவீதத்திலேயே நிற்கிறது, சிப்பின் சூடும் சார்ஜ் ஏறுவதால் எழும் சூடும் அதன் மேல் இறங்குகின்றன. ஆப்பிள் தன் ஐபேடுகளை 35 டிகிரி செல்சியஸ் வரையிலான சுற்றுச்சூழலில் பயன்படுத்தச் சொல்கிறது. வேலூரிலும் கரூர்ப் பரமத்தியிலும் ஆண்டுதோறும் வெயில் 40 டிகிரியைத் தாண்டுகிறது, தகரக் கூரை போட்ட மாடி அறையில் அதற்கும் மேல் போகும். கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் பருவத்தில் உப்பிய பேட்டரிகள் பழுதுக் கடைகளுக்கு அதிகம் வருவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

உப்புவது ஒரே நாளில் நடப்பதில்லை; அடையாளங்கள் முன்னதாகவே தெரியும். திரையின் ஓரத்தில் நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி தோன்றும். வெள்ளைப் பின்னணியில் ஓரிடம் மட்டும் வெளிறியோ மஞ்சளாகவோ தெரியும். மேசைமீது வைத்தால் முதுகு படியாமல் ஆடும், பக்கவாட்டுப் பொத்தான்கள் இறுகும். இவற்றில் எது தெரிந்தாலும் ஆட்டத்தை நிறுத்திவிடுங்கள். சார்ஜரைக் கழற்றிக் கருவியை முழுதாக அணைத்துவிட்டு, துணி, காகிதம், மரம் அருகில் இல்லாத இடத்தில், சிமென்ட் தரையிலோ உலோகத் தட்டிலோ வைத்துவிடுங்கள். தூக்கி நிற்கும் திரையைக் கையால் அழுத்தி மறுபடி உட்காரவைக்க முயல்கிறவர்கள் நிறைய, பெற்றோர்களே அப்படிச் செய்கிறார்கள். அதைவிடக் கேடான செயல் ஊசியால் குத்தி வாயுவை வெளியேற்றலாம் என்ற எண்ணம். பைக்குள் நேர்மின்வாய்த் தகடும் எதிர்மின்வாய்த் தகடும் முடியை விட மெல்லிய ஒரு தடுப்பால் மட்டுமே பிரிக்கப்பட்டிருக்கின்றன. அந்தத் தடுப்பு கிழிந்து இரண்டும் தொட்டுக்கொண்டால் உள்ளேயே மின்கசிவு ஏற்பட்டு நொடிகளில் தீப்பற்றும்.

இது எவ்வளவு நுட்பமான விஷயம் என்பதற்கு சாம்சங்கின் கேலக்ஸி நோட் 7-ஐ நினைவுகூரலாம். 2016-இல் அந்தக் கைபேசிகள் தீப்பிடித்ததால் அவற்றை முழுவதுமாகத் திரும்பப் பெற்ற நிறுவனம், 2017 ஜனவரியில் காரணங்களை வெளியிட்டது. முதல் தொகுதிப் பேட்டரிகளில் மேல் மூலையில் மின்வாய்த் தகடு வளைந்திருந்தது. மாற்றாகக் கொடுத்த தொகுதியில் வெல்டிங் செய்த இடத்தில் எழுந்த கூர்மையான பிசிறு தடுப்பைத் துளைத்திருந்தது. இத்தனை சிறிய பிழைக்கே தீ மூளுமென்றால், ஊசியைப் பற்றி மேலும் சொல்ல வேண்டியதில்லை. எப்போதாவது பேட்டரியிலிருந்து புகை வந்தால் அந்தப் புகையைச் சுவாசிக்கக் கூடாது, அதில் நச்சு வாயுக்கள் உண்டு. குழந்தைகளை அறையிலிருந்து வெளியேற்றிவிட்டு 101-ஐயோ 112-ஐயோ அழையுங்கள்.

கேம் ஆடுவதை நிறுத்தாமலே இந்தத் தேய்மானத்தைப் பெருமளவு குறைக்க முடியும். அதற்கான வசதியைப் பல நிறுவனங்கள் கொடுத்தும் இருக்கின்றன, பயன்படுத்துகிறவர்கள்தான் குறைவு. கேமிங் கருவிகள் பலவற்றில் பைபாஸ் சார்ஜிங் என்ற அமைப்பு உண்டு. அதை இயக்கினால் சார்ஜரிலிருந்து வரும் மின்சாரம் பேட்டரிக்குள் போகாமல் நேராக மதர்போர்டுக்குப் போகும், பேட்டரி ஓய்வாக இருக்கும். சாம்சங் கருவிகள் சிலவற்றில், கேம் ஆடும்போது திறக்கும் கேம் பூஸ்டர் என்ற அமைப்புப் பட்டியலுக்குள் வேறொரு பெயரில் இதே வசதி இருக்கிறது. அதற்கு யுஎஸ்பி பவர் டெலிவரி என்ற சார்ஜிங் முறையை ஆதரிக்கும் சார்ஜர் வேண்டும். புதிய ஐபேட் மினியில் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் அமைப்பு இருக்கிறது. வாங்கும்போது சிப்பின் பெயரைக் கேட்கும் அதே அக்கறையோடு இந்த இரண்டு வசதிகளும் இருக்கின்றனவா என்று கேளுங்கள். இல்லாத கருவி என்றால், சார்ஜ் போட்டுவிட்டு ஆடுங்கள், சார்ஜ் போட்டுக்கொண்டே ஆடாதீர்கள். எஃப்பிஎஸ் அளவை 90-லிருந்து 60-ஆகக் குறைப்பதும், வெளிச்சத்தைக் குறைப்பதும், ஆடும்போது மட்டுமாவது ரப்பர் உறையைக் கழற்றி வைப்பதும் எந்தச் செலவும் இல்லாமல் சூட்டைத் தணிப்பவை.

சூட்டைத் தணிக்க வேறு சில வழிகளும் பரவியிருக்கின்றன. அவற்றில் சில பழுதை வரவழைப்பவை. சூடான டேப்லெட்டைப் பிரிட்ஜுக்குள் வைப்பது அவற்றுள் முதன்மையானது. குளிர்ந்த கருவியை வெளியே எடுத்ததும் காற்றிலுள்ள ஈரம் அதன் மேலும் உள்ளும் நீர்த்துளியாகப் படியும். முதுகில் கவ்வ வைத்து மின்சாரத்தால் தகட்டைக் குளிரவைக்கும் பெல்டியர் கூலர்களிலும், அளவு மீறினால் இதே ஆபத்துதான். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் ஆண்டின் பல மாதங்களில் காற்றிலுள்ள ஈரம் 24, 25 டிகிரியிலேயே நீராகப் படியத் தொடங்கிவிடும். கூலரின் தகடு அதற்குக் கீழே குளிர்ந்தால் தகட்டைச் சுற்றி ஈரம் சேர்கிறது, அது இடுக்குகள் வழியே உள்ளே இறங்கினால் மதர்போர்டில் பச்சை பிடிக்கிறது. மின்விசிறிக் காற்று படும்படி உட்கார்ந்து ஆடுவது எளிய வழி, போதுமான வழியும்கூட.

பேட்டரியை மாற்றும் கட்டத்தில் மற்றொரு எச்சரிக்கை தேவைப்படுகிறது. உறையின் மேல் பெரிய எண்ணை அச்சிட்டு, அசல் விலையில் கால்பங்குக்கு விற்கும் பேட்டரிகள் சந்தையில் தாராளமாகக் கிடைக்கின்றன. அவற்றில் சிலவற்றில் வெப்பத்தை உணர்ந்து சார்ஜை நிறுத்தும் உணரி பெயருக்குத்தான் இருக்கும், அதன் இடத்தில் விலை மலிவான சாதாரண ரெசிஸ்டர் ஒன்றை ஒட்டியிருப்பார்கள். பேட்டரி எவ்வளவு சூடானாலும் கருவிக்கு எல்லாம் சரியாக இருப்பதாகவே தகவல் போகும். இந்தியாவில் விற்கும் லித்தியம் பேட்டரிகள் ஐஎஸ் 16046 தரத்தின்கீழ் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பேட்டரியின் மேல் அந்த முத்திரையும் ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கும், அந்த எண்ணைப் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுச் சரிபார்க்கலாம். கடைக்காரர் முன்னாலேயே சரிபாருங்கள், நேர்மையாகத் தொழில் செய்கிற யாரும் அதற்கு முகம் சுளிக்கமாட்டார்கள்.

சீனச் சந்தைக்கு மட்டுமே உரிய டேப்லெட்டுகளையும் பழைய காலக் கேம்களை ஆடுவதற்கான கையடக்க ரெட்ரோ கருவிகளையும் வெளியிலிருந்து தருவிப்பவர்கள், இங்கே உத்தரவாதமும் உதிரிபாகமும் இல்லை என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் விலையை ஒப்பிட வேண்டும். பேட்டரி உப்பினால் அளவு பொருந்தும் மாற்றுப் பேட்டரி கிடைக்காமல், நல்ல நிலையிலுள்ள மதர்போர்டையும் டிஸ்ப்ளேயையும் ஓரமாகப் போட நேரும். பழைய ஐபேட் வாங்குகிறவர்களுக்கும் ஒரு சோதனை உண்டு. கருவியைக் கண்ணாடி மேசையில் வைத்து நான்கு மூலைகளையும் மெல்லத் தொட்டுப் பாருங்கள், அது ஆடக் கூடாது. பிறகு பாதிச் சார்ஜிலிருந்து கால்மணி நேரம் ஒரு கனமான கேமை ஆடிப் பாருங்கள். சதவீதம் சீராக இறங்க வேண்டும், தாவித் தாவி இறங்கினால் பேட்டரி முடிந்துவிட்டது என்று பொருள். பழைய ஐபேடுகளின் அமைப்புகளில் பேட்டரியின் ஆரோக்கியம் காட்டப்படுவதில்லை என்பதால், விற்பவர் வாயால் சொல்லும் சதவீதத்தை நம்ப வேண்டாம்.

பேட்டரியைப் பயன்படுத்துகிறவரே எளிதில் கழற்றி மாற்றும்படி கருவிகளை வடிவமைக்க வேண்டும் என்ற ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி 2027 பிப்ரவரியில் நடைமுறைக்கு வருகிறது. அங்கே விற்கும் டேப்லெட்டுகளின் பேட்டரி 800 முறை சார்ஜ் ஏறி இறங்கிய பிறகும் 80 சதவீதக் கொள்ளளவு மிச்சமிருக்க வேண்டும் என்ற விதி 2025 ஜூன் முதலே இருக்கிறது. அதைவிடத் தாங்கும் பேட்டரிகளுக்கு, கழற்றி மாற்றும் விதியில் சில விலக்குகளும் உண்டு. அதன் பலன் நம் சந்தைக்கும் வந்து சேரும் என்று நான் எதிர்பார்க்கிறேன், ஏனெனில் ஒரே மாதிரியை இரண்டு விதமாகச் செய்வது நிறுவனங்களுக்கே செலவு. அதுவரை இங்கே பேட்டரி பசை போட்டு ஒட்டப்பட்டே வரும். கழற்றிய பழைய பேட்டரியை வீட்டுக் குப்பையில் போடாதீர்கள், குப்பை வண்டியின் அழுத்தும் தட்டில் நசுங்கினால் வண்டியே தீப்பிடிக்கக்கூடும். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அதைத் திரும்பப் பெறும் பொறுப்பு உற்பத்தியாளருக்கு உண்டு. ஆகவே அந்தந்த நிறுவனத்தின் சேவை மையத்திலோ பதிவு பெற்ற மின்கழிவுச் சேகரிப்பாளரிடமோ கொடுங்கள். கொண்டுபோகும்போது அதன் இணைப்பு முனைகளின் மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டி, சாவிக்கொத்தோ சில்லறையோ இல்லாத தனி டப்பாவில் வைத்து எடுத்துச் செல்லுங்கள்.