டிஸ்ப்ரபோர்ஷனேட்: எதற்குப் பொருந்தாத எது?

செய்திகளில் அடிக்கடி வரும் இந்த ஆங்கிலச் சொல்லை (disproportionate) 'மிக அதிகமான' என்று தமிழாக்கிவிடுகிறார்கள். அங்கேதான் பொருள் நழுவுகிறது. இதற்கு எப்போதும் இரண்டு அளவுகள் வேண்டும்: ஒன்று மற்றொன்றுக்குப் பொருந்தவில்லை என்பதே சொல்லின் உயிர். அதிகமாக இருந்தாலும் சரி, குறைவாக இருந்தாலும் சரி, பொருத்தம் கெட்டால் போதும்.

வேர் லத்தீனில் இருக்கிறது. 'போர்ஷியோ' என்றால் பங்கு. 'ப்ரோ போர்ஷியோனே' என்றால் பங்குக்குத் தக்கபடி. முன்னால் வரும் 'டிஸ்' அதை மறுக்கிறது. ஆங்கிலத்தில் 16-ஆம் நூற்றாண்டிலிருந்தே புழங்குகிறது.

ஓர் ஊரின் மக்களில் 10 விழுக்காட்டினரே ஒரு பிரிவினர், ஆனால் நோயாளிகளில் 40 விழுக்காட்டினர் அவர்கள் என்று வைத்துக்கொள்வோம். 'அவர்களே அதிகம் பாதிக்கப்பட்டனர்' என்று எழுதினால், நோயாளிகளில் பெரும்பாலோர் அவர்களே என்று படிப்பவர் நினைப்பார். மீதி 60 விழுக்காடு மற்றவர்கள் அல்லவா? 'தங்கள் எண்ணிக்கைக்கு மீறிய பாதிப்புக்கு உள்ளாயினர்' என்பதே சரி.

போர்ச் செய்திகளிலும் இதே சிக்கல். இரு தரப்பிலும் இறந்தவர்களை எண்ணி ஒப்பிட்டு 'விகிதமற்ற தாக்குதல்' என்கிறோம். போர் விதிகளை வகுக்கும் 1977-ஆம் ஆண்டின் ஜெனீவா முதல் கூடுதல் நெறிமுறை ஒப்பிடச் சொல்வது வேறு: எதிர்பார்க்கும் ராணுவப் பயனையும், பொதுமக்களுக்கு நேரக்கூடிய இழப்பையும்.

அப்புறம், 'எதிர்விகிதம்' என்று மட்டும் எழுதிவிடக் கூடாது. ஒன்று கூட மற்றது அதற்கேற்பக் குறைவது எதிர்விகிதம். அதிலும் கணக்கு ஒழுங்காகவே இருக்கிறது.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'விகிதாசாரமற்ற' புழக்கத்தில் உண்டு, ஆனால் பேச்சில் ஒட்டுவதில்லை. 'தகவு' என்ற பழைய சொல்லைக் கணிதத்தில் விகிதம் என்ற பொருளில் ஆண்டிருக்கிறார்கள். 'தகு' என்ற வேரில் பிறந்தது. ஆனால் 'தக்கார் தகவிலர்' என்ற 114-ஆம் குறளில் அது நடுவுநிலைமையைக் குறிக்கிறது. அதனால் 'தகவற்ற' என்றால் நேர்மையற்ற என்று புரிந்துகொள்ள இடமுண்டு. கலைச்சொல்லாக ஒன்று வேண்டுமென்றால் 'அளவொவ்வாத' என்பது என் தேர்வு. ஓடும் உரைநடையில் அதுகூட வேண்டாம், நம் நான்காம் வேற்றுமையே போதும்: குற்றத்துக்குத் தகாத தண்டனை, வருமானத்துக்கு மீறிய சொத்து, உழைப்புக்கு ஈடாகாத கூலி. எதற்கு எது பொருந்தவில்லை என்பதை அந்தக் 'கு' உருபே காட்டிவிடுகிறது.